சோலார் இருக்கிறது, பேட்டரியும் சேர்க்கலாமா?

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் நகர்வாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த கேள்விகளில் சில இறுதியில் தரப்பட்டுள்ளன.)



நம் நகரில் இப்போது தெருவுக்கு நாலைந்து வீடுகளில் சோலார் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை 3 கிலோவாட். இந்த வீடுகளைத் தேடி இரண்டு மூன்று மாதமாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். "சார், பேனல்தான் இருக்கிறதே, ஒரு லித்தியம் பேட்டரி மாட்டிவிட்டால் பில்லே வராது" என்கிறார்கள். பத்து வீடு சேர்ந்தால் விலை குறைப்போம் என்று சங்கத்துக்கும் ஒருவர் கடிதம் கொடுத்திருக்கிறார். இதில் சங்கம் சேரலாமா என்று செயலாளர் என்னிடம் கேட்டார். பதில் வீட்டுக்கு வீடு மாறும். எப்படி மாறும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. எந்தப் பிராண்டின் பெயரையும் சொல்லப்போவதும் இல்லை.

கரண்ட் போனால் சோலாரும் ஏன் போகிறது?

சோலார் போட்ட எல்லோரும் முதல் மின்வெட்டில் கேட்கும் கேள்வி இது. உச்சி வெயில் அடிக்கிறது, மாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது, ஆனால் கீழே ஃபேன் ஓடவில்லை. ஏன்?

நம் வீடுகளில் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். அது ஈ.பி. லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பார்த்து, அதோடு தாளம் சேர்த்துத்தான் மின்சாரம் தரும். லைனில் கரண்ட் நின்றால் சில நொடிகளுக்குள், பெரும்பாலும் அதற்கும் முன்பே, தானாக நின்றுவிடும். அது கோளாறு இல்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதைச் சோதிக்கவே ஐ.எஸ். 16169 என்று ஒரு இந்தியத் தரம் உள்ளது. காரணம் எளிது. மின்வாரியத்தின் வயர்மேன் டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரம் நம் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிர் போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதை நாம் கண்ணால் பார்த்தோம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றது. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தி வைத்தார்கள். மழை விட்டு வெளிச்சம் வந்த பிறகும், மாடியில் சோலார் வைத்த வீட்டில் செல்போன் சார்ஜ் போட முடியவில்லை. 2016-இல் வர்தா வந்தபோதும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

பேட்டரியும் அதற்குரிய இன்வெர்ட்டரும் முறையாக அமைந்தால் இரண்டு வேலை நடக்கும். சேமித்த மின்சாரம் வீட்டுக்கு வரும், அது ஒன்று. ஈ.பி. லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் ஒரு சின்ன கிரிட்டை உண்டாக்கி, அதைக் காட்டிப் பேனலையும் எழுப்பிவிடும், அது இரண்டாவது. புயல் காலத்தில் இந்த இரண்டாவது வேலைதான் பெரிது. ஆனால் பேட்டரி மாட்டிய எல்லா வீட்டிலும் இது நடக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட்டரி போட்டால் பில் குறையுமா?

குறையாது. சுத்தமாகக் குறையாது என்றே சொல்லலாம்.

நம்மிடம் நெட் மீட்டர் இருக்கிறது. பகலில் மிஞ்சும் யூனிட் லைனுக்குப் போகிறது. இரவில் அதே அளவு எடுத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. இந்தப் பில்லில் மிஞ்சியது அடுத்த பில்லில் கழிகிறது. அதாவது ஈ.பி. லைனே நமக்கு ஒரு பேட்டரி. அது பழுதாகாது, தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

சொந்தப் பேட்டரி வைத்தால் என்ன ஆகும்? பகலில் லைனுக்குப் போவது 4 யூனிட் குறையும். இரவில் லைனிலிருந்து எடுப்பதும் 4 யூனிட் குறையும். கழித்துப் பார்த்தால் பழைய கணக்குதான். உண்மையில் சற்று நட்டம்கூட. பேட்டரிக்குள் போய் வெளியே வருவதற்குள் 10, 15 சதவீதம் கரைந்துவிடும். "வருடக் கடைசியில் யூனிட் மிஞ்சிப் போகிறதே, அதையாவது பேட்டரியில் பிடிக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். பிடிக்க முடியாது. வீட்டுப் பேட்டரி ஒரு நாள் மின்சாரத்தைத்தான் தாங்கும். மே மாத வெயிலை நவம்பருக்கு எடுத்துவைக்க அதில் இடமில்லை.

இப்போது சேமித்த யூனிட்டின் விலையைப் பார்ப்போம். 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒரு லட்சம் ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தினம் 4 யூனிட் பயன்படுத்தினால் 10 வருடத்தில் 14,600 யூனிட். வகுத்தால் யூனிட்டுக்கு சுமார் 7 ரூபாய், சேமித்துக் கொடுத்ததற்கு மட்டும். நெட் மீட்டர் அதே வேலையைச் சும்மா செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகள், "அங்கே எல்லோரும் பேட்டரி போடுகிறார்கள் அப்பா" என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அங்கே லைனுக்குக் கொடுக்கும் யூனிட்டின் விலை, வாங்கும் யூனிட்டின் விலையில் சிறு பங்குதான். அதனால் வீட்டிலேயே வைத்துக்கொள்வது லாபம். 2025 ஜூலையிலிருந்து அங்கே மத்திய அரசே வீட்டு பேட்டரிக்குத் தள்ளுபடி கொடுக்கிறது. கலிபோர்னியாவிலும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு சோலார் போட்டவர்களுக்கு லைனுக்குக் கொடுப்பதன் மதிப்பை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். உடனே பேட்டரி விற்பனை கூடியது. அவர்கள் கணக்கு அங்கே சரி. அதை இங்கே கொண்டுவந்தால் தப்பாகிவிடும்.

நாளை இங்கேயும் விதி மாறலாம். மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்த விதித் திருத்தத்தில், ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று இருக்கிறது: வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு, மாலை உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். அதுவே நம் வீட்டுக்கு வந்தாலும், 8 ரூபாய் யூனிட்டுக்குப் பகல் 6.40, மாலை 8.80. வித்தியாசம் 2.40 ரூபாய். 7 ரூபாய் செலவழித்து 2.40 ரூபாய் மிச்சம் பிடிக்க முடியாது. பேட்டரி விலை நன்றாக இறங்கினால், அல்லது வித்தியாசம் கூடினால், அன்று மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

இன்னொன்று. பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பது பேனல் அமைப்புக்குத்தான். பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. "மானியத்தில் பேட்டரி" என்று யாராவது சொன்னால், எந்த உத்தரவு என்று கேளுங்கள்.

ஆகவே பேட்டரி வாங்குவது மின்வெட்டுக்காக. அது காப்பீடு மாதிரி, வருமானம் தராது. அந்த மனதோடு பார்த்தால் எவ்வளவு வேண்டும், யாருக்கு வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

தொட்டியும் குழாயும்

விற்பவர்கள் "5 கிலோவாட் பேட்டரி" என்பார்கள். கிலோவாட் வேறு, யூனிட் வேறு. மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டர் என்பது யூனிட், அதாவது கிலோவாட்-ஹவர். குழாய் எவ்வளவு அகலம் என்பது கிலோவாட். தொட்டி பெரிதாக இருந்தும் குழாய் சிறிதாக இருந்தால் மோட்டார் ஓடாது. குழாய் பெரிதாக இருந்தும் தொட்டி சிறிதாக இருந்தால் அரை மணியில் காலி.

நம் வீட்டுப் பழைய இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் பெருக்கல் 150, 1.8 யூனிட். அதில் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 0.9. இன்வெர்ட்டர் இழப்பு போக 0.7 யூனிட் சொச்சம். பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வாட்; மூன்று ஃபேன் போட்டால் மூன்று மணி நேரம். உங்கள் அனுபவமும் இதுவாகத்தான் இருக்கும்.

லித்தியம் பேட்டரியில் பரவலாகக் கிடைப்பது 51.2 வோல்ட், 100 ஏ.ஹெச்.; 5.12 யூனிட். அதில் 90 சதவீதம் எடுக்கலாம். இன்வெர்ட்டர் இழப்பும் போனால் கையில் 4.1 யூனிட்.

இனி ஓர் இரவு, 10 மணி நேரம்:

பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, தலா 30 வாட்: 0.9 யூனிட்
எல்.இ.டி. விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 0.2 யூனிட்
வைஃபை ரவுட்டர்: 0.1 யூனிட்
ஃபிரிட்ஜ்: சுமார் 0.5 யூனிட்
பேட்டரி இன்வெர்ட்டர் தானே தின்பது, 50 வாட்: 0.5 யூனிட்

மொத்தம் 2.2 யூனிட். கடைசி வரியைக் கவனியுங்கள். சும்மா நிற்கும்போதும் இந்த இன்வெர்ட்டர்கள் 40 முதல் 80 வாட் எடுக்கின்றன. 50 வாட் என்றால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். விளம்பரத் தாளில் இது இருக்காது.

பகலுக்கு இன்னொரு 2 யூனிட் வையுங்கள். நாளுக்கு 4 யூனிட் சொச்சம். பேட்டரி மட்டும் என்றால் ஒரு முழு நாள். பேனலும் சேர்ந்து எழுந்தால்? நல்ல வெயிலில் 3 கிலோவாட் பேனல் தினம் 12 யூனிட் தரும். அடைமழை மேகத்தில் அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரைதான். 2 யூனிட் வந்தால்கூட இரண்டு நாள் தாங்கும். மேகம் சற்று விலகி 4 யூனிட் வந்தால், கரண்ட் வரும்வரை தாங்கும். புயலில் பேனல் எழுவது ஏன் முக்கியம் என்று சொன்னேனே, இதுதான்.

இதில் 1.5 டன் ஏசி இல்லை, இண்டக்ஷன் அடுப்பு இல்லை, போர் மோட்டார் இல்லை. 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 1 கிலோவாட்தான். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மோட்டார் ஓடியே ஆகவேண்டும் என்றால் இன்வெர்ட்டர் அந்த இழுப்பைத் தாங்குமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பிவிடுவது மலிவான வழி.

சேர்ப்பதற்கு நான்கு வழிகள்

முதல் வழி: சோலாரைத் தொடாமல், இருக்கும் சாதா இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் மட்டும் மேம்படுத்துவது. ஈ.பி. கரண்டில் சார்ஜ் ஆகும்; அந்த யூனிட் நெட் மீட்டரில் கழிந்துவிடும். மின்வெட்டில் பேனல் எழாது. ஆனால் இரண்டு, நான்கு மணி நேர மின்வெட்டுக்கு இதுவே போதும். செலவும் குறைவு. ஒரு எச்சரிக்கை: டியூபுலரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியத்தை வைக்க நினைத்தால், இன்வெர்ட்டரில் லித்தியம் மோட் இருக்க வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரிக்கான சார்ஜிங் வோல்ட்டேஜ் சில நேரம் மேலே போகும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். அதைப் பார்த்து இணைப்பைத் துண்டித்துவிடும்.

இரண்டாம் வழி: பேனலில் இரண்டு மூன்றைப் பிரித்துத் தனி சார்ஜ் கண்ட்ரோலர் வழியாகப் பேட்டரிக்கு விடுவது. சிலர் இதைச் சொல்வார்கள். ஆனால் மீதிப் பேனல்களின் வோல்ட்டேஜ் பழைய இன்வெர்ட்டருக்குப் போதாமல் போகலாம். பேட்டரி நிரம்பிய பிறகு அந்தப் பேனல்களின் மின்சாரம் வீணாகும். மானியம் வாங்கிய, மின்வாரியம் ஒப்புதல் கொடுத்த அமைப்பைப் பிரித்தால் கேள்வியும் வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் வழி: ஏசி கப்ளிங். இருக்கும் சோலார் இன்வெர்ட்டர் அப்படியே இருக்கும். பக்கத்தில் ஒரு பேட்டரி இன்வெர்ட்டர் வரும். கரண்ட் போனதும் அது வீட்டைத் துண்டித்து 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கும். சோலார் இன்வெர்ட்டர் அதைப் பார்த்துவிட்டு, லைன் வந்துவிட்டது என்று நினைத்துச் சற்று நேரத்தில் எழும். பேட்டரி நிரம்பிவிட்டால் பேட்டரி இன்வெர்ட்டர் ஃபிரீக்வென்சியை வேண்டுமென்றே கூட்டும். சோலார் இன்வெர்ட்டர் அதைக் கண்டு குறையும் அல்லது நிற்கும். மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்தவர்களுக்கு இதுதான் வழி. பொதுவாகப் பேட்டரி இன்வெர்ட்டரின் திறன் சோலார் இன்வெர்ட்டரின் திறனுக்குக் குறையக்கூடாது.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கடையில் வாங்கிய சாதா ஹோம் இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் சோலாரைக் கோத்துவிடலாம் என்று சில எலக்ட்ரீஷியன் தம்பிகள் சொல்கிறார்கள். கூடவே கூடாது. திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அந்த இன்வெர்ட்டர் செய்யப்படவில்லை. எரிந்துபோகும், பேட்டரியும் சேர்ந்து சூடாகும்.

நான்காம் வழி: பழைய சோலார் இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வைப்பது. ஒரே பெட்டி, வயரிங் சுத்தம். ஆனால் ஹைபிரிட் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று லைனுக்கு மின்சாரம் திருப்பிக் கொடுக்கும். இன்னொன்று ஈ.பி.யிலிருந்து வாங்கும், கொடுக்காது. இரண்டாவதை மாட்டினால் உங்கள் நெட் மீட்டர் சும்மா தொங்கும், பில் ஏறும். மேலும், உங்கள் பேனல் வரிசையின் வோல்ட்டேஜ் புதிய பெட்டிக்குப் பொருந்த வேண்டும். குறைந்த வோல்ட்டேஜுக்குச் செய்த பெட்டியில் 300 வோல்ட் வரிசையைச் செருகினால் அன்றே கதை முடிந்தது. இன்வெர்ட்டர் மாடலை மாற்றுவதால் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேனல் 25 வருடம் உழைக்கும். இன்வெர்ட்டருக்குப் பத்து வருடம் போல்தான். உங்கள் இன்வெர்ட்டருக்கு எட்டு வயது ஆகிவிட்டதா? அவசரப்படாதீர்கள். அது ஓயும்போது ஹைபிரிடாக மாற்றினால் ஒரு செலவு மிச்சம். போன வருடம்தான் போட்டீர்களா? தேவை இருந்தால் ஏசி கப்ளிங்.

மூன்று ஃபேஸ் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கம் ஒரு ஃபேஸ் மட்டும் போவது சகஜம். மூன்று ஃபேஸ் சோலார் இன்வெர்ட்டர் அப்போதும் நின்றுவிடும். பேட்டரி இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஒற்றை ஃபேஸ்தான். எனவே ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், ரவுட்டர் ஆகியவற்றைத் தனி டி.பி.யில் பிரித்து அதை மட்டும் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டும். அந்த சர்க்யூட்டின் நியூட்ரலும் தனியாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் நியூட்ரல் கலந்து கிடக்கும். பேட்டரி மாட்டிய மறுநாள் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுவது அதற்கு வைத்தியம் இல்லை.

எந்தப் பேட்டரி?

டியூபுலர் விலை குறைவு, எங்கும் பழுது பார்க்கலாம், பழையதைக் கொடுத்தால் காசும் வரும். ஆனால் கனம், தண்ணீர் ஊற்ற வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது லெட்-ஆசிட்டுக்குப் பொதுக்கணக்கு. நம் ஊர் மாடிப்படி அறையின் சூட்டை நினைத்துப் பாருங்கள்.

லித்தியத்தில் வீட்டுக்கு ஏற்றது எல்.எஃப்.பி. எனும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டில் நிதானமானது. ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏறி இறங்கும். இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. இந்த எல்.எஃப்.பி. அமெரிக்காவில் ஜான் குட்இனஃப் ஆய்வகத்தில் 1990-களில் பிறந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வை 1980-களில் அவரோடு செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டு அமராபுரத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் அவரே.

எங்கே வைப்பது?

நம் நகரில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 2015-லும் 2023-லும் உங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? அந்தக் கோட்டுக்கு மேலே, சுவரில் அல்லது ஸ்டாண்டில், முடிந்தால் முதல் மாடியில். வெள்ளத்துக்காக வாங்கிய பேட்டரி முதல் வெள்ளத்திலேயே மூழ்கக்கூடாது. மூழ்கிய லித்தியம் பேட்டரியைத் துடைத்துக் காயவைத்து மறுபடி போடாதீர்கள். தொடாமல் விற்றவரைக் கூப்பிடுங்கள்.

படுக்கையறை வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் வேண்டாம். தீ என்றால் ஓடும் வழி அதுதான். கேஸ் சிலிண்டர் பக்கம் வேண்டாம். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்; காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே காற்றோட்டம் வேண்டும். பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரி ஆகவே ஆகாது. நேர் வெயிலும், தகரக் கூரையின் அடியும் கூடாது.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிளில் டிசி ஃபியூஸோ டிசி பிரேக்கரோ கட்டாயம். வீட்டில் இருக்கும் சாதா ஏசி எம்.சி.பி.யை அங்கே மாட்டக்கூடாது. டிசியில் பொறி எளிதில் அணையாது, எம்.சி.பி. உருகிப் பற்றிக்கொள்ளும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. கரண்ட் போனால் என் பேனல் வேலை செய்யுமா? எழுதிக் கொடுங்கள். பணம் முழுதும் கொடுக்கும் முன் பகல் 12 மணிக்கு மெயினை இறக்கிக் காட்டுங்கள்.
2. கையில் கிடைக்கும் யூனிட் எவ்வளவு? பெட்டியில் எழுதியிருக்கும் யூனிட் அல்ல.
3. வாரண்டி எத்தனை வருடம், எத்தனை சைக்கிள்? இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதானே முடிவு? அன்று எத்தனை சதவீதம் கொள்ளளவு மிஞ்சும்?
4. பேட்டரிக்கு ஐ.இ.சி. 62619 பாதுகாப்புச் சான்று உண்டா? நகல் கொடுங்கள்.
5. இன்வெர்ட்டர் லைனுக்குத் திருப்பிக் கொடுக்குமா? சும்மா நிற்கும்போது எத்தனை வாட்?
6. மின்வாரிய ஒப்புதல் யார் வாங்குவது?
7. பழையதாகும்போது திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? பேட்டரிக் கழிவு விதிகள், 2022-இன்படி தயாரிப்பாளருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

முடிவாக

வீட்டில் ஆக்சிஜன் கருவி, இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜ், படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், அல்லது கரண்ட் போனால் சம்பளம் போகும் வேலை இருந்தால், பேட்டரி அவசியமே. பேனலை எழுப்பும் வகையாகப் பார்த்துப் போடுங்கள். இது எதுவும் இல்லை, மின்வெட்டு மாதத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் என்றால், நான்கு பி.எல்.டி.சி. ஃபேனும் இருக்கும் இன்வெர்ட்டருக்கு ஒரு நல்ல பேட்டரியும் போதும். பில்லைக் குறைக்கத்தான் என்றால், வாங்கவே வேண்டாம்.

சங்கத்துக்கு என் யோசனை: பத்து வீட்டுக்கு ஒரே பேட்டரி என்று ஒப்பந்தம் போடாதீர்கள். எந்த வீட்டில் உண்மையான தேவை என்று முதலில் கணக்கெடுங்கள். சமுதாயக் கூடத்தில் பேனல் இருக்கிறது. அங்கே மாடியில் முறையாக ஒரு பேட்டரி அமைப்பு வைத்தால், அடுத்த புயலில் செல்போன் சார்ஜ் போடவும், நெபுலைசர் வைக்கவும், மருந்தைக் குளிரில் வைக்கவும் ஊருக்கே ஓர் இடம் இருக்கும். தனித்தனியாக வாங்க முடியாத வீடுகளுக்கும் அது உதவும்.

கேள்வி நேரத்திலிருந்து

கேள்வி: என் மாமியாருக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. 5 யூனிட் பேட்டரி போதுமா சார்?

பதில்: போதாதும்மா. அந்தக் கருவி 350 வாட் எடுக்கும். பத்து மணி நேரத்துக்கு 3.5 யூனிட். நான் சொன்ன இரவுக் கணக்கோடு சேர்த்தால் 5.7, கையில் இருப்பதோ 4.1. இரண்டு பேட்டரி வேண்டும், பேனலும் எழ வேண்டும். எத்தனை பேட்டரி இருந்தாலும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பி வீட்டில் வைத்திருங்கள். மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் சின்ன ஜெனரேட்டர் இருக்கிறது. அதை ஒரு பிளக்கில் செருகினால் சோலார் எழுமா?

பதில்: ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மெயினை இறக்க மறந்தால் கரண்ட் கம்பத்துக்குப் போய் வயர்மேனைக் கொல்லும். சோலார் எழுந்தாலும், மிஞ்சும் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் பாய்ந்து அதைக் கெடுக்கும். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்டு, தேவையான சர்க்யூட்டுக்கு மட்டும் கொடுங்கள். சோலாரை அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

கேள்வி: அபார்ட்மெண்ட் லிஃப்ட்டுக்குப் பேட்டரி வைக்கலாமா?

பதில்: நாள் முழுதும் லிஃப்ட் ஓட வைக்க நினைத்தால் செலவு கூடும். கரண்ட் போனதும் பக்கத்து மாடியில் நின்று கதவு திறக்கும் மீட்புக் கருவி லிஃப்ட்டுக்கென்றே உண்டு. முதலில் அது வேலை செய்கிறதா என்று பராமரிப்பு ஆளைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.